மூண்டு பேரோ, பன்னிரண்டு பேரோ

அந்தக் கதிரை வேண்டாம் பிள்ளை, இஞ்சால வாரும். அதில இருந்தால் கண்ணாடிக்கு அங்கால இருக்கிற பெட்டைக்கு நாங்கள் கதைக்கிறது முழுக்கக் கேக்கும். வெள்ளைக்காரப் பெட்டை, தமிழ் விளங்காது எண்டு நினைக்காதையும். விளங்காத மாதிரி இருக்கிற ஆக்களைத்தான் நான் முதல்ல கவனிக்கிறது.

உள்ளுக்கை சொலிசிற்றரோட இருக்கிறது உம்மட மனுசனோ? நான் விடுப்புக் கேக்கேல்லை. நீர் போனில சத்தமாக் கதைச்சனீர், காதில விழுந்துது. பாசல் கொண்டுபோய்க் குடுக்கிற வேலை. ஒரு பாசல் காணாமல் போச்சு. அவர்தான் எடுத்தவர் எண்டு வழக்கு. வாற வியாழக்கிழமை கோர்ட்டில சொல்ல வேணும், மூண்டு பேருக்கு முன்னால விசாரணையோ, பன்னிரண்டு பேர் ஜூரிக்கு முன்னால விசாரணையோ எண்டு. சரிதானே? எடுத்தவரோ? ஐயோ, கோவிக்காதையும், இரும். சொல்லேக்கை முகம் எப்பிடிப் போகுதெண்டு பாக்கத்தான் கேட்டனான்.

என்ர பேர் ராசமலர். ஊர் அளவெட்டி. லண்டனுக்கு வந்து இருபத்தாறு வருசம். என்ர வழக்கையும் இந்த வெள்ளைக்காரச் சொலிசிற்றர்தான் பாத்தவர். முடிஞ்சு நாலு மாசம். பொலிஸ் கொண்டுபோன என்ர போன் இன்னும் திரும்பி வரேல்லை, அதைக் கேக்கத்தான் வந்து குந்தியிருக்கிறன். நாலு மாசமா அவை அதை வைச்சு என்ன செய்யினமோ, ஆருக்குத் தெரியும்.

களவு வழக்குத்தான். என்ன அப்பிடிப் பாக்கிறீர்? நான் எடுக்கேல்லை. எடுக்கேல்லை எண்டு பன்னிரண்டு பேர் சொல்லியாச்சு.

வயதுபோன ஆக்களின்ர வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கிறது என்ர வேலை. காலமையில போய் எழுப்பி, குளிக்க வார்த்து, குளிசை குடுத்து, பாண் வாட்டிக் குடுத்திட்டு வாறது. மிஸிஸ் வின்ற்றர் எண்டு ஒரு மனுசி. எண்பத்தொன்பது வயது. நல்ல மனுசி, ஆனால் ஞாபகம் வரும், போகும். காலமை நான் போவன், பின்னேரம் ஜெனோவா போவாள். ஜெனோவா மன்னார்ப் பிள்ளை. அந்த வேலையில அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான். ஞாயிற்றுக்கிழமையில எங்கட வீட்டிலதான் சாப்பாடு. என்னை வாய் நிறைய அக்கா எண்டுதான் கூப்பிடுவாள்.

அந்த வீட்டுக்குப் போன முதல் நாளே நான் ஒரு வேலை செய்தனான். போனை எடுத்து, ஒவ்வொரு அறையா, ஒவ்வொரு லாச்சியா இழுத்துத் திறந்து, எல்லாத்தையும் படம் எடுத்தனான். கண்ணாடி அலுமாரி, வெள்ளிக் கரண்டி, நகைப்பெட்டி, ஓடாத மணிக்கூடு, கம்பளத்தில இருந்த தேத்தண்ணிக் கறை, எல்லாம். நாப்பத்திமூண்டு படம். ஏனெண்டு கேளும். நாளைக்கு ஒண்டு உடைஞ்சால், ஒண்டு காணாமல் போனால் முதல்ல கை காட்டுறது ஆரை? என்னைத்தானே. என்னோட வேலை செய்த ஒரு மனுசியை, உடைஞ்ச சாடிக்காக நாலு பேருக்கு முன்னால வைச்சுக் கேள்வி கேட்டவை. அது அவள் வாறதுக்கு முந்தியே உடைஞ்ச சாடி. அண்டைக்கு முடிவெடுத்தனான், என்னட்டை அத்தாட்சி இருக்க வேணும் எண்டு.

ஜெனோவா வேலைக்கு வந்த ரெண்டாம் நாள் அவளுக்கும் சொன்னனான், "நான் வந்த முதல் நாளே எல்லாத்தையும் படம் எடுத்தனான், நீயும் எடுத்து வை" எண்டு. அவள் சிரிச்சாள். "ஏன் அக்கா, நாங்கள் என்ன கள்ளரோ?" எண்டாள். கள்ளர் இல்லாத ஆக்களுக்குத்தான் அத்தாட்சி வேணும் எண்டன். அவளுக்கு விளங்கேல்லை.

அந்த நகைப்பெட்டிக்குள்ள ஒரு பதக்கம் இருந்தது. பொன், முட்டை வடிவம். திறந்தால் உள்ளுக்கை செத்துப்போன மனுசன்ர படம். அதைப் பெட்டிக்குள்ள வைச்சு எடுத்தால் வடிவா விழேல்லை. அதால என்ர உள்ளங்கையில வைச்சு எடுத்தனான். விளங்குதோ? என்ர கை. என்ர கையில அந்தப் பதக்கம்.

பதினாலு மாசம் கழிச்சு அது காணாமல் போச்சு. ஞாயிறு தோறும் ஒரு மருமகள் வருவா, மிஸிஸ் வின்ற்றரின்ர தமையன்ர மகள். அவதான் தேடிப் பாத்திட்டுப் பொலிசுக்கு அறிவிச்சவ. பொலிஸ் எங்கட வீட்டை வந்து என்ர போனைத் திறந்து பாத்தால், நாப்பத்திமூண்டு படம். என்ர மனுசன் பின்னால நிண்டு பாத்திட்டு, "என்னப்பா இது?" எண்டார். இருபத்தேழு வருசமாக் கலியாணம் முடிச்ச மனுசன். அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதம் எனக்கு இன்னும் மறக்கேல்லை. ஒரு நிமிசம், ஒரேயொரு நிமிசம், அவரும் நம்பினவர். இல்லை எண்டுதான் இப்பவும் சொல்லுறார். நான் கண்டனான்.

ஸ்டேசனில கேட்டவை, அந்த வீட்டுக்கு வேறை ஆர் வாறது எண்டு. ஜெனோவா எண்டு சொன்னன். அதோட விட்டிருக்கலாம். ஆனால் உள்ளதைச் சொல்லத்தானே வேணும்? அந்தக் கிழமைதான் அவள் புதுத் தோடு போட்டுக்கொண்டு வந்தவள். ஆர் வாங்கித் தந்தது எண்டு கேட்டதுக்கு, நானே எனக்கு வாங்கினனான் எண்டு சிரிச்சாள். தனிய இருக்கிற பிள்ளை, தனக்குத் தானே தோடு வாங்குமோ? அதையும் சொன்னன். "அவளையும் ஒருக்காப் பாருங்கோ" எண்டன். ஆரும் என்னை வற்புறுத்தேல்லை.

போய்ப் பாத்தவை. அவளின்ர அறையைக் கிளறி, உடுப்பெல்லாத்தையும் கட்டிலில கொட்டி, ஒண்டும் கிடைக்கேல்லை. தோடு வாங்கின கடைத் துண்டு வைச்சிருந்தாளாம், விட்டிட்டினம். ஆனால் வேலையில அவளையும் நிப்பாட்டினவை, என்னையும் நிப்பாட்டினவை. வழக்கு என்னில மட்டும்தான். அதுக்குப் பிறகு அவள் என்னோட கதைக்கேல்லை. நானும் கதைக்கேல்லை. பிழை செய்யாதவள் எண்டால் வந்து சண்டை பிடிச்சிருப்பாள் எண்டு நினைச்சன். பேசாமல் இருந்தாளே, அது எனக்கு இன்னும் சந்தேகமாக் கிடந்தது.

சரி, உம்மட விசயத்துக்கு வாறன். உங்களுக்கு வியாழக்கிழமை கேக்கப்போற அதே கேள்வியை என்னட்டையும் கேட்டவை. களவு வழக்கு எப்பிடியெண்டால், சின்னதாயிருந்தால் சின்னக் கோர்ட்டில மூண்டு பேர் விசாரிச்சு முடிக்கலாம். அவை படிச்ச நீதவான்மார் இல்லை, எங்களைப் போல ஆக்கள்தான், ஆனால் கிழமைக்குக் கிழமை வந்து அதே கதிரையில இருக்கிற ஆக்கள். இல்லை, எனக்கு ஜூரி வேணும் எண்டு கேக்கிற உரிமையும் உமக்கு இருக்கு. கேட்டால் பெரிய கோர்ட்டுக்குப் போகும். சொலிசிற்றர் ரெண்டு பக்கத்தையும் சொன்னவர். இஞ்சை எண்டால் ரெண்டு மாசத்தில முடிஞ்சிடும், குற்றம் எண்டாலும் தண்டனை கொஞ்சம். அங்கை எண்டால் ஒண்டரை வருசம் காத்திருக்க வேணும், குற்றம் எண்டு வந்தால் தண்டனை கூடவும் வரலாம். "ஆனால் ராசமலர், உங்கட படங்களைப் பற்றி ஆருக்கு விளங்கப்படுத்தலாம் எண்டு யோசியுங்கோ" எண்டார். நான் அவரைத்தான் யோசிச்சன். நீளமான வழக்கு அவருக்கு நல்லதோ எண்டு.

மனுசன் சொன்னார், "சின்ன விசயம். கெதியா முடிச்சுப்போட்டு வீட்டை வா."

சின்ன விசயமாம்! ஆருக்குச் சின்னது? அந்த மூண்டு பேருக்குச் சின்னது. அண்டைக்குக் காலமை அவை பாத்த ஒன்பதாவது வழக்கு என்ரது. எனக்குக் களவு எண்டு ஒரு சொல்லு பேரில விழுந்தால், பிறகு ஒரு கிழவியின்ர வீட்டுக் கதவு எனக்குத் திறக்குமோ? மறியலில அடைக்காட்டிலும் என்ர சீவியம் முடிஞ்சுது. இப்ப ரேடியோவில கதைக்கினம், சின்ன வழக்குகளுக்கு ஜூரி எதுக்கு, மினக்கேடு எண்டு. எது சின்னது எண்டு சொல்லுறது ஆர்? கூட்டில நிக்கிறவளைக் கேட்டவையோ?

நான் ஏன் ஜூரி எண்டு சொன்னனான் எண்டு உமக்கு மட்டும் சொல்லுறன். அந்த மூண்டு பேரில நடுவில இருந்த மனுசி, பக்கத்தில நிண்ட பொலிஸ்காரனைப் பாத்துச் சிரிச்சவ. காலமை வணக்கம் சொல்லுற சிரிப்பு எண்டு சொலிசிற்றர் சொல்லுறார். ஒவ்வொரு நாளும் காணுற ஆக்களாம். அதைத்தான் நானும் சொல்லுறன். ஒவ்வொரு நாளும் காணுற ஆக்கள்! மூண்டு பேர் ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்க முதல் ஒத்துப்போயிடுவினம். பன்னிரண்டு பேர், அதுவும் ஆளையாள் தெரியாத பன்னிரண்டு பேர், ஒரு கடைக்குப் போனால் என்ன சாப்பிடுறது எண்டே ஒத்துக்கொள்ளாயினம். என்னை மாட்டவெண்டு அவை சேர ஏலாது. அதால ஜூரி எண்டு சொன்னன். மனுசன் தலையில கையை வைச்சார்.

பத்தொன்பது மாசம். வேலை இல்லை. கோயிலுக்குப் போறதை விட்டன். ஆர் என்னைப் பாத்தாலும் பதக்கத்தைப் பற்றித்தான் கதைக்கினம் எண்டு கிடக்கும். மிஸிஸ் வின்ற்றரைப் போய்ப் பாக்கக் கூடாது எண்டு கட்டளை. அதுக்குள்ள அந்த மனுசி செத்துப்போச்சுது. காலமையில கதவைத் திறந்தால், "அது நீயோ, மலர்?" எண்டு கேக்கும். சாகேக்கை ஆரைக் கேட்டுதோ தெரியாது. செத்தவீட்டுக்கும் நான் போகேல்லை.

விசாரணைக்குக் கிட்ட, சொலிசிற்றர் கூப்பிட்டுச் சொன்னார், முதல் நாளே நீங்கள் படம் எடுத்ததுக்கு ஒரு சாட்சி வேணும் எண்டு. படத்தில திகதி கிடக்குது. ஆனால் ஏன் எடுத்தனீங்கள் எண்டு திகதி சொல்லாது. "ஆருக்காவது சொன்னனீங்களோ?"

ஒரேயொரு ஆளுக்குத்தான் சொன்னனான். ஜெனோவாவுக்கு.

"அவள் வேண்டாம்" எண்டன். "அவள் வந்தால் என்னைப் புதைச்சுப்போட்டுத்தான் போவாள்." அவர் அவளின்ர பேரை எழுதிக்கொண்டார். பேந்து, "நான் கேட்டுப் பாக்கிறன்" எண்டார். வெள்ளைக்காரர் அப்பிடிச் சொன்னால் செய்வினம் எண்டுதான் அர்த்தம்.

விசாரணை மூண்டு நாள். பன்னிரண்டு பேரும் வந்து இருந்தவை. நான் கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருந்து ஒவ்வொருத்தராப் பாத்தன். விரலில பெயின்ற் காயாத ஒரு இளந்தாரி. தலைப்பாகை கட்டின ஒரு சீக்கியக் கிழவன். முக்காடு போட்ட ஒரு பிள்ளை. பஸ் ஓட்டுறவன் எண்டு நினைக்கிறன், அந்தச் சட்டையோடையே வந்திருந்தான். ஒரு தடிச்ச மனுசி, வந்து இருந்த உடனேயே கொட்டாவி விட்டா. எனக்காக வாதாடின வக்கீல் பிள்ளையிட்டைச் சொன்னன், அந்த மனுசியை மாத்தச் சொல்லி. காரணம் வேணுமாம். கொட்டாவி காரணம் இல்லையாம்.

மொழிபெயர்க்க ஒரு ஆளை விட்டிருந்தவை. தமிழ்நாட்டுக்காரர், நல்ல உடுப்பு. நான் பத்து வசனம் சொன்னால் அவர் ஒரு வசனம் சொல்லுறார். மிச்ச ஒன்பதும் எங்கை போச்சுது? ரெண்டாம் நாள் என்னை விசாரிக்கேக்கை, அரசாங்கப் பக்க வக்கீல் கேட்டார், பதக்கத்தைப் பற்றி மிஸிஸ் வின்ற்றருக்கு என்ன சொன்னனீங்கள் எண்டு. நான் சொன்னன், "அவவோட அதைப் பற்றிக் கதைச்சனான்." இந்த மனுசன் இங்கிலீசில சொல்லுது, "நான் அவருக்கு ஒரு கதை சொன்னேன்" எண்டு! வக்கீலுக்குக் கண் மின்னுது. "என்ன கதை சொன்னீர்கள்?" எண்டு கேக்கிறார். நாங்கள் கதைக்கிறது எண்டால் அவைக்குப் பேசுறது, அது இந்த மனுசனுக்குத் தெரியேல்லை. சாட்சிக் கூட்டுக்குள்ள எழும்பி நிண்டு, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில கத்தினன், "கதை இல்லை, நோ ஸ்டோரி! டோக், டோக்!" எண்டு. சீக்கியக் கிழவன் சிரிச்சிட்டுது. பக்கத்தில இருந்தவைக்கும் சொல்லி விளங்கப்படுத்துற மாதிரித் தலையை ஆட்டிச்சுது. நீதிபதி விசயத்தைக் கேட்டு, ஜூரிக்குத் திருத்திச் சொன்னார். மூண்டு பேருக்கு முன்னால எண்டால் அந்தக் கதையோட என்ர கதை முடிஞ்சிருக்கும்.

அடுத்த நாள் ஜெனோவா வந்தாள்.

மெலிஞ்சு போயிருந்தாள். லோண்டரி ஒண்டில வேலையாம், சோப்புத் தண்ணியில கை வெளிறிக் கிடந்தது. என்ர பக்கம் திரும்பேல்லை. இங்கிலீசிலதான் சொன்னாள், அவளுக்கு ஆரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஓம், முதல் நாளே படம் எடுத்தவ. ஓம், என்னையும் எடுக்கச் சொன்னவ. ஏன் எண்டு கேட்டதுக்குச் சொன்னாள், "அவவுக்கு ஆரிலையும் நம்பிக்கை இல்லை. எல்லாரிலையும் சந்தேகம். விருந்துக்கு ஆக்கள் வந்து போனால், வீட்டில கரண்டி எண்ணிப் பாக்கிறவ. என்னை அனுப்பிப்போட்டும் எண்ணுறதை நான் ஜன்னலால கண்டனான்."

ஜூரியில இருந்து சிரிப்புச் சத்தம். அந்தக் கொட்டாவி மனுசி கூடச் சிரிச்சா. நான் வெக்கத்தில குனிஞ்சு கொண்டிருந்தன். பாரும் பிள்ளை, பன்னிரண்டு பேருக்கு முன்னால என்ர வீட்டுக் கரண்டியைக் கொண்டுவந்து வைச்சாள்.

அப்ப அந்த அரசாங்கப் பக்க வக்கீல் எழும்பினார். "நீங்கள் இவரின் சிநேகிதிதானே? அதுதானே காப்பாற்ற வந்திருக்கிறீர்கள்?"

"இல்லை" எண்டாள். "அவ என்னைப் பொலிசிட்டைக் காட்டிக் குடுத்தவ. என்ர வேலை போனது அவவாலைதான். அவ என்ர சிநேகிதி இல்லை."

"பிறகு ஏன் வந்தீர்கள்?"

"அவ ஏன் படம் எடுத்தவ எண்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். தெரிஞ்சு கொண்டு வீட்டில இருக்க ஏலுமோ?"

வக்கீல் இருந்திட்டார். முக்காடு போட்ட பிள்ளை குனிஞ்சு ஏதோ எழுதிச்சுது.

ஜூரி உள்ளுக்கை போய் ஒரு மணித்தியாலத்தில ஒரு துண்டு எழுதி அனுப்பினவை. நாப்பத்திமூண்டு படத்தில, பிறகு ஏதும் அழிச்சவவோ எண்டு கேட்டிருந்தவை. ஒண்டும் அழிக்கேல்லை எண்டு ரெண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது. ஆர் அந்தக் கேள்வியைக் கேட்டதோ தெரியாது. பெயின்ற் இளந்தாரியாத்தான் இருக்க வேணும். இல்லாட்டில் அந்தக் கொட்டாவி மனுசி. களவெடுக்கிறவள் கையில வைச்சுப் படமும் எடுத்து, பொலிஸ் வந்து பாக்குமட்டும் அதை வைச்சும் இருப்பாளோ எண்டு ஒராள் உள்ளுக்கை இருந்து யோசிச்சிருக்குது. எனக்காக! என்னை ஆரெண்டே தெரியாத ஒராள்.

பின்னேரம் வந்து சொன்னவை, குற்றவாளி இல்லை எண்டு. பஸ் சட்டைக்காரன்தான் எழும்பிச் சொன்னவன். பதக்கம் இண்டைவரைக்கும் கிடைக்கேல்லை. மனுசி எங்கையாவது மறந்து வைச்சிருக்கும் எண்டு எனக்காக வாதாடின பிள்ளை ஜூரிக்குச் சொன்னது. இருக்கலாம். மருமகளாவும் இருக்கலாம். நான் ஒருத்தரையும் சொல்லேல்லை.

வெளியில வந்தால், பஸ் தரிப்பில ஜெனோவா நிக்கிறாள். முடிவைக் கேட்டுப்போட்டுத்தான் போவம் எண்டு நிண்டிருக்கிறாள். மனுசன் காரை எடுத்துக்கொண்டு வரப் போயிட்டார். நாங்கள் ரெண்டு பேரும்தான்.

"வந்ததுக்கு நன்றி, ஜெனோவா" எண்டன்.

"பரவாயில்லை அக்கா." அக்கா எண்டுதான் சொன்னாள். பேந்து கேட்டாள், "அக்கா, பொலிஸ் கூட என்னைக் கூப்பிட்டு, எடுத்தனியோ எண்டு கேட்டவை. இல்லை எண்டன், எழுதிக்கொண்டவை. நீங்கள் ஒருக்காலும் என்னட்டைக் கேக்கேல்லை. இப்ப சொல்லுங்கோ, நான் எடுத்தனான் எண்டு இன்னும் நினைக்கிறீங்களோ?"

இல்லை எண்டு ஒரு சொல்லு. ஒரேயொரு சொல்லு, பிள்ளை. வாயைத் திறந்தன். ஆனால் எனக்கு அந்த நேரத்தில என்ன ஓடிச்சுது தெரியுமோ? இவள் ஏன் வந்தவள்? நான் இவளுக்குச் செய்ததுக்கு, என்ர மறியல் செய்தியைக் கேட்டுச் சந்தோசப்பட்டிருக்க வேண்டியவள், வேலையை விட்டிட்டு ஏன் வந்தவள்? மனச்சாட்சி உறுத்திச்சுதோ? ஏன் உறுத்த வேணும்? இப்பிடித்தான் ஓடிச்சுது. ஓடுறதை நான் என்ன செய்யிறது?

அவள் என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டாள். முடிவு சொல்ல வந்த பன்னிரண்டு பேரின்ர முகத்தை நான் எப்பிடிப் பாத்தனோ, அப்பிடி. பஸ் வந்து நிண்டுது. "சரி அக்கா" எண்டாள். ஏறிப் போயிட்டாள்.

அண்டைக்கு வீட்டை போய், மனுசனுக்குச் சோறு போட்டுக் குடுத்திட்டு, குசினியில நிண்டு சத்தமாச் சொல்லிப் பாத்தன். "இல்லை ஜெனோவா, நீ எடுக்கேல்லை" எண்டு. அங்கை நல்லா வந்துது. "ஆரோட கதைக்கிறாய்?" எண்டு மனுசன் கேட்டார். ஒருத்தரோடையும் இல்லை எண்டன்.

உம்மட மனுசனுக்குச் சொல்லும், ஜூரியையே கேக்கச் சொல்லி. எத்தினை மாசம் எண்டாலும் பரவாயில்லை. மூண்டு பேரை நம்பாதையும். பன்னிரண்டு பேரையும் நம்ப வேண்டாம், ஆனால் அதுக்குள்ள ஒராள் இருக்கும், திரும்பி ஒரு கேள்வி கேக்கிற ஆள்.

போன மாசம் கடையில அவளைக் கண்டன். தமிழ்க் கடை, மரக்கறிப் பக்கம். குனிஞ்சு பாகற்காய் தெரிஞ்செடுத்துக்கொண்டிருந்தாள், என்ர பக்கம் முதுகு. நாலடி தூரம்தான். கூப்பிட்டால் திரும்பியிருப்பாள். சொல்ல வேண்டியது வாய்க்குள்ள வந்து நிண்டுது, குசினியில சொன்ன அதே வசனம். ஆனால் இப்ப சொன்னால் அவள் நம்புவாளோ? மூண்டு மாசம் கழிச்சு வந்து சொல்லுறாவே, என்னத்துக்காக்கும் எண்டு யோசிக்க மாட்டாளோ? நானெண்டால் யோசிப்பன்.

அவள் நிமிருறதுக்கு முதல், கையில கிடந்த கூடையை அப்பிடியே நிலத்தில வைச்சன். வைச்சிட்டு, களவெடுத்தவள் மாதிரிச் சத்தம் போடாமல் மற்றக் கதவால வெளியில வந்திட்டன்.